தெளிந்த நீரும் தூய நீரும்

கந்தளாய் என்றவுடன் நினைவுக்கு வருவது அதன் பெருங்குளமே. திருகோணமலைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இக்குளத்தை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி கட்டுவித்தான் எனச் சூளவம்சம் கூறும். குளக்கோட்டு மன்னன் அமைத்தான் எனக் கோணேசர் கல்வெட்டு கூறும். எவர் அமைத்ததாயினும், வயலுக்கு நீர் ஈந்த குளம் வீட்டுக் கிணற்றையும் வாழவைத்தது. குளத்திலிருந்து நிலத்துள் கசியும் நீர், அயலிலுள்ள கிணறுகளின் ஊற்றுக்குத் துணையாகிறது.

ஆயினும், கிணற்றில் நீரோடு மண்ணும் சேர்கிறது. மாரியில், கட்டில்லாத கிணற்றுள் கலங்கல் நீர் வழிந்திறங்கும். கோடையில் நீர் அடிக்கு இறங்கியதும், வாளி தொடுந்தோறும் சேறு கிளம்பும். இவ்விரண்டுக்கும் முன்னோர் வழி கண்டிருந்தனர்.

முதல் வழி, வண்டலை வருமுன் தடுத்தல். வறண்ட வலயத்துச் சிற்றூர்க் குளங்களின் மேற்புறத்தே புற்பரப்பொன்றை அழியாது விட்டுவைத்தனர். ஓடிவரும் வெள்ளம் அதில் வேகந் தணிந்து, மண்ணை அங்கேயே விட்டுச் செல்லும். சிங்களத்தில் அதற்குப் 'பெரஹன' என்று பெயர். வடிகட்டி என்பது பொருள். கிணற்றுக்கு உயர்ந்த கட்டும், சுற்றிலும் வெளிநோக்கிச் சரிந்த தளமும் அமைப்பது இதே அறிவின் சிற்றுருவம். கோடையில் நீரை இறைத்துத் தூர் வாருவது இரண்டாம் வழி.

இவற்றுக்குப் பின்னும் கலங்கி நின்ற நீரைத் தெளிவித்தது தேற்றாங்கொட்டை. மட்பானையின் உட்புறத்தில் அதைத் தேய்த்து நீரை ஊற்றிவைப்பர். கொட்டையின் பசைப்பொருள் மண்ணின் நுண்துகள்களை ஒன்றோடொன்று பிணைக்க, அவை கனத்து அடியிற் படியும். கலித்தொகையின் நெய்தற் பாட்டொன்று, கலங்கிய உள்ளம் தெளிந்தமைக்கு இதனையே உவமை காட்டுகிறது. அத்துணைப் பழமையானது இவ்வழக்கம்.

எனினும் தெளிவு வேறு, தூய்மை வேறு. 1854இல் இலண்டன் பிராட் வீதிக் கிணற்று நீர் சுவையானதெனப் பெயர் பெற்றிருந்தது. அதனை விரும்பித் தொலைவிலிருந்து வருவித்துப் பருகிய மூதாட்டி ஒருவரும் வாந்திபேதிக்குப் பலியானார். அந்நோய் நீரின்வழிப் பரவியதை மருத்துவர் ஜோன் சினோ எடுத்துக்காட்டினார்.

கந்தளாயும் நீரின் கொடுமையை அறிந்த ஊர். 1986 ஏப்ரல் 20ஆம் நாள் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எந்த ஊராயினும், வெள்ளம் புகுந்த கிணற்றில் மண் சில நாளில் படிந்துவிடும். நோய்க்கிருமி அவ்வாறு படிந்துவிடாது. ஆதலின் அத்தகைய கிணற்றை இறைத்துச் சேறகற்றிக் குளோரின் இட்ட பின்னரே புழங்கல் வேண்டும். ஐயமிருப்பின் நீரைக் கொதிக்கவைத்தல் வேண்டும்.

கொதிக்கவைத்தாலும் நீங்காத பொருள்களும் உள. வறண்ட வலயத்துக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு மிகுந்துள்ளது. பற்களைக் கறைப்படுத்தும் இவ்வுப்பு கண்ணுக்குத் தெரியாது. கொட்டைக்கும் நெருப்புக்கும் அகப்படாது. ஆய்வுகூடச் சோதனையே அதனைக் காட்டும். முன்னோர் தந்த தெளிவோடு இச்சோதனையும் சேர்ந்தாலன்றிக் கிணற்று நீரை நம்பிப் பருகுதற்கில்லை.