முருங்கை மரத்து வேதாளமும் ஃபாரஸ்ட் கேட் பிள்ளைகளும்

கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் ரயில் நிலையத்துக்கு அண்மையில் ஃபாரஸ்ட் லேன் என்றொரு வீதி. அங்குள்ள பூங்காவில் எமது பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த நிலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான தொழிற்பள்ளி இருந்தது. 1890 புத்தாண்டு நாளில் அப்பள்ளியில் மூண்ட தீயில் 26 சிறுவர்கள் மாண்டனர். பின்னர் அது மருத்துவமனையாயிற்று, அதுவும் மூடப்பட்டது.

இத்தகைய இறந்தோரை ஆங்கிலச் சிறுவர் இலக்கியம் தள்ளிவைப்பதில்லை. நீல் கைமன் எழுதி 2008 இல் வெளிவந்த 'தி கிரேவ்யார்ட் புக்' நாவலில், ஒரே இரவில் குடும்பத்தினர் எல்லோரும் கொலையுண்டபின், தப்பி நடந்துவந்த குழந்தையை இடுகாட்டுப் பேய்கள் வளர்க்கின்றன. கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்'கில் ஓநாய்கள் செய்த வேலை இது. அமெரிக்காவின் நியூபெரி, பிரித்தானியாவின் கார்னகி ஆகிய இரு பதக்கங்களையும் பெற்ற முதல் நூலும் இதுவே. பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் இக்கதையில் அஞ்சவேண்டியது உயிரோடு திரியும் கொலைகாரனுக்குத்தான். போரிலிருந்து வந்த எமக்கு இது விளங்காத விடயமா?

எமது சிறுபராயத்துப் பேய்கள் வேறு. விளக்கு வைத்தபின் கிணற்றடிக்குப் போகாமல் மறிக்க அம்மம்மாவிடம் ஒரு கொள்ளிவாய்ப் பேய் இருந்தது. 1947 இல் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா'வில், ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் வாளும் கையுமாகப் பிணத்தைத் தோளில் சுமந்து நடப்பான். பதினோராம் நூற்றாண்டிலேயே காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதைகள் அவை. விடை தெரிந்தும் பேசாதிருந்தால் அரசனின் தலை வெடித்துவிடும். பேசினால் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும்.

அந்த அரசனின் நிலைதான் எமக்கும். 1995 செப்டெம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பள்ளிக்கூடத்தின்மீது விமானப்படை வீசிய குண்டுகளுக்கு மாணவர்கள் பலியாகினர். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று இதை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஆனால் அவர்களோ நூலகத்திலிருந்து பேய் நாவல்களைக் கொண்டுவந்து, போர்வைக்குள் வைத்துப் படித்து முடித்துவிட்டு, "அப்பா, உங்கட ஊரிலயும் பேய் இருக்கோ?" என்று கேட்கிறார்கள். அம்மம்மாவின் கொள்ளிவாய்ப் பேயைச் சொல்லி நாம் தப்பிக்கொள்கிறோம்.

அறிக்கைகள் இறந்தோரை எண்ணிக் கணக்குச் சொல்லும். பேய்க் கதையோ இறந்த பிள்ளைக்குக் குரலையும் குறும்பையும் திருப்பிக் கொடுத்து, இன்னொரு பிள்ளையோடு விளையாட விடும். மணி அடித்ததும் பனங்கூடலுக்குள் ஓடி ஒளியும் ஒரு நாகர்கோவில் சிறுமியை, இங்கு வளரும் பிள்ளை தட்டுத்தடுமாறியாவது படிக்கக்கூடிய தமிழில் நாம்தான் எழுதவேண்டும். அக்கதை பிள்ளைகளிடமிருந்து மேலும் பல கேள்விகளைக் கொண்டுவரும். வேதாளம் திரும்பவும் மரம் ஏறும். ஏறட்டும், போய் இறக்கி வருவோம்.