செஞ்சிக் கோட்டை – 17: கடற்கரைக்குப் போன தூண்கள்

செஞ்சிக்குக் கடல் கிடையாது. அலையைப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரிக்கு 70 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் சோழமண்டலக் கரையில் எந்த வெள்ளைக்காரன் எங்கே கடை விரிப்பது என்பதை வெகுகாலம் இந்த மலைதான் முடிவு செய்தது. தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியதும் செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் ராஜாராமிடம்தான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த இடம் வரை தங்களுடையது என்று வளைத்துக்கொண்டார்கள். கடலூர்ப் பக்கம் அவை ‘குண்டு கிராமங்கள்’ ஆயின. இப்படியும் ஒரு நில அளவை!

கரைக்கு உரிமை எழுதிக் கொடுத்த மலையையே 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். ஔரங்கசீப்பின் படை எட்டு வருஷம் முட்டி நின்ற கோட்டை, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் ஒரே இரவில் வீழ்ந்தது. இன்றும் புதுவையில் அவர் பெயரில் ஒரு வீதி உண்டு. வெற்றியைக் கண்ணில் படும்படி நிறுத்திவைப்பதில் புதுவையின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவுக்கு ஆசை அதிகம். மலையடிவாரத்து வெங்கடரமணர் கோயில் தூண்கள் பெயர்க்கப்பட்டு வண்டியேறின. என் கணக்கில் அது கலை ரசனை அல்ல, கொள்ளை.

தூண்கள் போய்ச் சேர்ந்த புதுவையில் அன்று துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். பலகைகளைக் கயிற்றால் தைத்த சலங்குகள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் இறக்கி வரும். ஆணி அடித்த படகு அந்த அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். சலங்கு ஓட்டத் தெரிந்தவர்களும் நம் கரையோரத்து ஆட்களே. தட்டையான கரை. இருட்டிவிட்டால் மாலுமிக்கு ஊர் எது, மணல் எது என்று பிரித்துச் சொல்ல அடையாளம் இல்லை.

சென்னை 1796-இலேயே ஜார்ஜ் கோட்டைக் கட்டடத்தின் மாடியில் விளக்கேற்றிவிட்டது. புதுவை நாற்பது வருஷம் பின்தங்கியது. இடையில் ஊர் பலமுறை கைமாறியது. கடைசியாகத் திரும்பக் கிடைத்தபோது, 1814 ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் கோட்டை கொத்தளம் எதுவும் பிரெஞ்சுக்காரர் கட்டக் கூடாது. பீரங்கி மேடை எழுப்ப வழியில்லாதவர்கள் கடலோரத்தில் உயரமாக எழுப்பியது கலங்கரை விளக்கத்தைத்தான். 1836 ஜூலை 1 அன்று அது முதன்முதலாக எரிந்தது.

1870-இல் துய்ப்ளேவுக்குக் கடற்கரையில் சிலை வைத்தார்கள். பீடத்துக்கும் செஞ்சிக் கோயில் கற்கள். ஆளை பாரிஸ் கைவிட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது; கற்கள் மட்டும் விசுவாசமாகக் காத்திருந்தன போலும்.

பின்னாளில் கப்பலையும் கரையையும் இணைத்த இரும்புப் பாலம் 1952 புயலில் போயிற்று. 1979-இல் புதிய கலங்கரை விளக்கம் வந்தது, பழையது அணைந்தது. இப்போது அதன் எதிரே காந்தி சிலை. சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள். மாலையில் சுண்டல் வாங்கி அவற்றில் சாய்ந்து நிற்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கு வந்து வெங்கடரமணர் கோயிலையும் பார்த்துவிட்டுப் போகலாம். பேருந்து நேராகவே இருக்கிறது.

அடுத்த வாரம்: புதுவை விழுந்த பிறகும் 1761 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்த செஞ்சிக் காவற்படை.

(தொடரும்)