அடுக்கு வில்: மெலிவுப் பட்டைகளின் வரலாறு

ஒரே கட்டையில் செதுக்காமல், மெல்லிய மரப் பட்டைகளையோ மூங்கில் பட்டைகளையோ ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் வில் அடுக்கு வில் எனப்படும். பட்டைகள் கைப்பிடியருகே தடித்தும் நுனியை நோக்கிச் சீராக மெலிந்தும் இருக்கும்படி தேய்க்கப்படுகின்றன. எந்த மரம் என்பதைவிட இந்த மெலிவு எப்படி அமைந்தது என்பதே வில்லின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

காரணம் எளிய கணக்கு. பட்டையின் அகலத்தை இருமடங்காக்கினால் விறைப்பும் இருமடங்காகும். தடிமனை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். தடிமனில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்துபோனாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். நாணை இழுக்கும்போது வளைவின் பளு கைப்பிடியருகே மிகுதி, நுனியில் குறைவு. தடிமன் எங்கும் ஒன்றாக இருந்தால் வில் கைப்பிடியருகே மட்டும் மடிந்து, நுனிகள் வேலை செய்யாத வெறும் சுமையாகிவிடும். அந்தச் சுமையை நகர்த்தவே ஆற்றலில் ஒரு பகுதி செலவாவதால் அம்பின் வேகம் குறையும். பசையின் பங்கும் இதே கணக்கில் தெரியும். ஒட்டாமல் அடுக்கிய இரண்டு பட்டைகள், அதே மொத்தத் தடிமனுள்ள ஒற்றைக் கட்டையின் விறைப்பில் கால் பங்கையே தரும்.

நுனியை மெலிக்க வேண்டும் என்பது மிகப் பழைய அறிவு. டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944இல் கிடைத்த எல்ம் மர விற்கள் ஏறத்தாழ 9000 ஆண்டுப் பழமை கொண்டவை. ஒற்றைக் கட்டையில் செய்யப்பட்டவை என்றாலும் அவற்றின் நுனிகள் தெளிவாக ஒடுங்குகின்றன. இங்கிலாந்தின் நெடுவில்லுக்கு உகந்த யூ மரம் இயற்கையே ஒட்டிக் கொடுத்த ஈரடுக்கு போன்றது. பட்டையை ஒட்டிய வெளிர்மரம் இழுவையைத் தாங்கும். உள்ளே வைரம் பாய்ந்த பகுதி அமுக்கத்தைத் தாங்கும். அத்தகைய மரம் இல்லாத வட ஐரோப்பாவில் சாமி மக்கள் அதைக் கையால் உருவாக்கினார்கள். வெளிப்புறத்துக்குப் பிர்ச், உட்புறத்துக்குப் பிசின் செறிந்த பைன், இடையில் மீன்தோல் பசை, மேலே பிர்ச் பட்டைச் சுற்று. அடுக்கு வில்லின் தெளிவான தொடக்கங்களில் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

ஈரமான நாடுகளின் கதை வேறு. மத்திய ஆசியாவின் கொம்பும் தசைநாரும் சேர்ந்த கூட்டு வில் ஆற்றல் மிக்கது. ஆனால் அதை இணைக்கும் வஜ்ரப் பசை ஈரக்காற்றில் இளகிவிடும். பருவமழை பொழியும் நிலங்களில் மரமும் மூங்கிலும் வில்லில் நிலைத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். அர்த்தசாஸ்திரம் வில்லுக்குரிய பொருள்களாகப் பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகியவற்றை வரிசைப்படுத்துகிறது. சேரர் வில்லைத் தம் இலச்சினையாகக் கொண்டு காசுகளிலும் பொறித்தார்கள். கொல்லிமலையை ஆண்ட ஓரி 'வல்வில் ஓரி' என்றே சங்கப் பாடல்களில் வாழ்கிறான்.

மலாய்த் தீபகற்பத்தில் வில்லுக்குரியவர்கள் செமாங் பழங்குடி மக்கள். பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமுக்கு வடகிழக்கே, கெடாவின் உட்பகுதியில் பாலிங் வட்டாரத்தில் வாழும் கென்சியூ மக்கள் இவர்களில் ஒரு பிரிவினர். வால்டர் ஸ்கீட்டும் சார்ல்ஸ் பிளாக்டனும் 1906இல் வெளியிட்ட இரு தொகுதி நூலில் செமாங் வில்லும் நச்சு தோய்த்த அம்பும் விவரிக்கப்பட்டுள்ளன. அது ஆளுயரத்தைத் தொடும் ஒற்றை மர வில். இருபதாம் நூற்றாண்டில் ஊதுகுழல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நெருங்கிய காட்டில், மரக்கிளையில் இருக்கும் சிறு விலங்கைச் சத்தமின்றி வீழ்த்த ஊதுகுழலே ஏற்றது. வில் மறைந்ததைத் திறன் குறைந்ததன் அடையாளமாகப் பார்ப்பது தவறு.

ஈரமான காலநிலையில் அடுக்கு வில்லை உச்சத்துக்குக் கொண்டுசென்ற நாடு ஜப்பான். முதலில் ஒற்றை மர வில் இருந்தது. பின்னர் அதன் வெளிப்புறத்தில் மூங்கிலை ஒட்டினார்கள். அடுத்து உட்புறத்திலும் ஒட்டினார்கள். அதன்பின் பக்கங்களையும் மூங்கிலால் மூடினார்கள். இறுதியில் நடுவே பல மூங்கில் கீற்றுகளை நிறுத்தி வைத்து, இரு முகங்களிலும் மூங்கில் பட்டையால் அணைக்கும் முறை வந்தது. ஏறத்தாழ 221 செ.மீ. நீளமுள்ள இந்த வில்லின் பிடி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். எனவே மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் வெவ்வேறு மெலிவு தேவை. அதைக் கைவினைஞர் இழைப்புளியாலும் கைப்பழக்கத்தாலும் கொண்டுவருகிறார். மூங்கிலின் வலிமையான நார்கள் வெளித்தோலை ஒட்டிச் செறிந்திருப்பதால் தோல்பக்கத்தைத் தொடாமல் உட்பக்கத்தை மட்டுமே இழைப்பார்கள். பசை தடவிய அடுக்குகளைக் கயிற்றால் இறுகச் சுற்றி, கயிற்றுக்கு அடியில் ஏராளமான மூங்கில் ஆப்புகளை அடித்து, பசை இறுகுமுன் வளைவை ஏற்றுவார்கள். மியாசாக்கி மாநிலத்தின் மியாகோனோஜோ இன்றும் இந்தத் தொழிலின் தலைமை ஊர்.

இயந்திரத் தேய்ப்பு அமெரிக்காவில் வளர்ந்தது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக், ஃபாரஸ்ட் நாக்லர் ஆகியோர் வில்லின் வளைவை அளந்தும் கணக்கிட்டும் ஆராய்ந்து, தட்டையான நீள்சதுர வெட்டுமுகமே மரத்துக்கு ஏற்றது என்று காட்டினார்கள். 1940களின் இறுதியிலிருந்து மிச்சிகனின் ஃபிரெட் பேர் முதலானோர் கண்ணாடியிழைப் பட்டையை வில்லின் முகங்களில் ஒட்டினார்கள். இந்த மாற்றத்தைக் கண்ணாடியிழையின் வெற்றி என்றே பலரும் எழுதுகிறார்கள். உள்ளே இருந்த மரத்துக்கும் அதில் சம பங்கு உண்டு. கண்ணாடியிழைப் பட்டை நெடுகிலும் ஒரே தடிமனில் வருவது. அதைச் செதுக்கிச் சரிசெய்ய முடியாது. ஆகவே மெலிவு முழுவதையும் உள்ளடுக்கு மரமே தர வேண்டியதாயிற்று. முன்பு வில்லை வளைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய திருத்தங்களில் பெரும்பகுதி, ஒட்டுவதற்கு முன்பே பட்டையைத் தேய்க்கும் மேசைக்கு இடம் மாறியது.

வழக்கமான மெலிவு ஓர் அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு. 36 அங்குலப் பட்டையில் இரு முனைகளுக்கும் இடையே 0.072 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.8 மி.மீ. வேறுபாடு. அடுக்குகளின் மெலிவுகள் கூட்டிக்கொள்ளக்கூடியவை. ஒன்றை மெலிவில்லாமலும் மற்றதைக் கூடுதல் மெலிவுடனும் வைத்து வேண்டிய அளவை எட்டலாம். தேய்ப்பதற்கு ஒரு சாய்வுப் பலகை போதும். அதன் ஒரு முனை மற்றதைவிட அந்த 1.8 மி.மீ. தடித்திருக்கும். அறுத்தெடுத்த பட்டையை அதன்மேல் பொருத்தி, உப்புத்தாள் சுற்றிய சுழல் உருளைக்கும் நிலைத்த தாங்கலுக்கும் இடையே தள்ளினால், பலகை தடித்த இடத்தில் பட்டை மெலியும். ஒவ்வொரு முறையும் மிகக் குறைவாகவே தேய்க்க வேண்டும். பேராசைப்பட்டால் மரம் கருகி, அந்த முகத்தில் பசை பிடிக்காது. முகத்தைக் கண்ணாடிபோல் மழமழப்பாக்கத் தேவையில்லை. சொரசொரப்பான உப்புத்தாள் விடும் கீறல்களில், இன்று அடுக்குகளை ஒட்டும் எபாக்சி என்ற செயற்கைப் பசை நன்றாகப் பற்றும். மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் உரிய பட்டைகளை ஒரே மரத்துண்டிலிருந்து அடுத்தடுத்து அறுத்தால் இரண்டும் ஒத்து வளையும்.

எபாக்சி ஈரக்காற்றில் இளகாது. வஜ்ரப் பசைக்கு ஒவ்வாத பினாங்குக் காற்றிலும் அடுக்கு வில் நிலைப்பதற்கு வழி செய்தது இந்தப் பசைதான். ஆனால் மரம் மரமாகவே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் புக்கிட் மெர்தாஜாம் போன்ற ஊரில், திறந்து வைத்த மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரை ஏற்கும். வில்லுக்கு 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பதே நல்லது. ஆகவே பட்டைகள் வெப்பப் பெட்டியில் உலர்ந்த பின்பே தேய்ப்புக்குப் போக வேண்டும். அங்கே எழும் நுண்தூசி மூச்சுக்குத் தீங்கானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. தூசி உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் இல்லாமல் உருளையை ஓட்டக் கூடாது. தேய்த்த பட்டைகளை அன்றே ஒட்டிவிடுவது சிறந்தது. மறுநாள்வரை வெளியில் கிடந்தால் அவை ஈரம் ஏறி உப்பிவிடும். மீண்டும் உலர்த்தி அளந்த பிறகே பசை தடவ வேண்டும்.