நாதஸ்வர வித்துவான் ஷேக் சின்ன மௌலானா

'மௌலானா' என்றதும் எங்கட ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது ஸெய்யிது குடும்பங்கள்தான். ஆந்திராவில் அது முஸ்லிம்கள் சாதாரணமாகப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். 'சின்ன' என்பதற்குத் தமிழில் உள்ள பொருள்தான் தெலுங்கிலும். ஆகவே ஷேக் சின்ன மௌலானா என்ற பெயரைப் பார்த்து அவரை ஓர் ஆலிம் என்று எண்ணிவிடக் கூடாது. தென்னிந்திய நாதஸ்வர உலகின் முன்வரிசையில் இருந்த வித்துவான் அவர்.

உயர்தர வகுப்பில் முஸ்லிம்களின் தமிழ்ப்பணி பற்றிப் படிப்பிக்கும்போது உமறுப்புலவரில் தொடங்குவோம். காப்பியம், கிஸ்ஸா, முனாஜாத், நாமா, படைப்போர் என்று பட்டியல் நீளும். எல்லாமே ஏட்டில் எழுதப்பட்டவை. மூச்சாலும் விரலாலும் தமிழரின் கலையொன்றை வளர்த்த முஸ்லிம்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. எங்கட ஆய்வுகளில் இது பெரிய குறை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சின்ன மௌலானா 1924இல், இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் ஒங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி கிராமத்தில் பிறந்தார். குண்டூர், பிரகாசம் பகுதிகளில் கோயில்களிலும் கலியாண வீடுகளிலும் நாதஸ்வரம் வாசிப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கின்றன. அவருடைய குடும்பமும் அவற்றில் ஒன்று. முதல் பாடம் வாப்பா காசிம் சாஹிபிடம். பிறகு சிலகலூரிப்பேட்டை மரபில் வந்த ஆதம் சாஹிபிடம் கற்றார். முஸ்லிம் ஆசானிடம் முஸ்லிம் மாணவன் தியாகராஜரின் கீர்த்தனைகளைப் படித்தது அந்த ஊர்களில் யாருக்கும் அதிசயமாகத் தெரியவில்லை. அது வீட்டுத் தொழில்.

இந்த இடத்தோடு அவர் நின்றிருக்கலாம். பரம்பரையும் இருந்தது, பிழைப்பும் இருந்தது. ஆனால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவரை இழுத்தது. இராகத்தை அவசரப்படாமல் விரித்து, ஒவ்வொரு சுரத்தையும் கமகத்தோடு குழைத்து, நீண்ட மூச்சில் கட்டி எழுப்பும் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றே தீர்வது என்று தமிழ்நாட்டுக்கு வந்தார். நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராக அமர்ந்தார். ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற ஒருவர் வேறொரு பாணிக்காகத் திரும்பவும் படிக்க உட்காருவது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்த வாத்தியத்தை அறிந்தவர்களுக்கு இதன் கஷ்டம் விளங்கும். விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். இடைப்பட்ட சுரங்களையெல்லாம் உதட்டின் பிடி, காற்றின் அழுத்தம், துளையைப் பாதி மூடும் விரல் ஆகியவற்றால் உண்டாக்க வேண்டும். நாணலில் செய்த சீவாளி கொஞ்சம் இளகினாலோ இறுகினாலோ சுருதி விலகிவிடும். திறந்த வெளியில், தவில் முழக்கத்துக்கு ஈடுகொடுத்து, மணிக்கணக்கில் ஊத வேண்டும். இவ்வளவு பலமாக ஊதுகிற வாத்தியத்தில் குரலின் குழைவைக் கொண்டுவந்தவர் என்பதுதான் சின்ன மௌலானாவுக்கு ரசிகர்கள் கொடுத்த பெருமை.

பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். அங்கே சாரதா நாதஸ்வர சங்கீத ஆச்சிரமம் என்ற பயிற்சிப் பள்ளியை நிறுவி மாணவர்களை உருவாக்கினார். இலங்கைக்கும் வந்து வாசித்தார். அளவெட்டி என்.கே. பத்மநாதனும் தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் பிறந்த யாழ்ப்பாண மண்ணில், விடிய விடிய மேளச்சமா கேட்டுப் பழகிய சனத்தைத் திருப்திப்படுத்துவது எளிதல்ல. அந்தச் சனம் அவரைத் தன் வித்துவானாகவே கொண்டாடியது.

1977இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1998ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குக் கொடுத்தது. ராஜரத்தினம் பிள்ளைக்கே கிடைக்காத விருது அது. அடுத்த சில மாதங்களில், 1999 ஏப்ரலில், அவர் மௌத்தானார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்: மத நல்லிணக்கத்தின் அடையாளம். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வரி, சிலகலூரிப்பேட்டையிலும் நாச்சியார்கோவிலிலும் அவர் பட்ட பாட்டை மறைத்துவிடுகிறது. எங்கட பக்கத்தில் இன்னொரு தயக்கம். கோயிலில் வாசித்தவரை எப்படி எங்கட ஆளெண்டு எழுதுறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இசை கூடுமா கூடாதா என்பதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் உலமாக்கள். வரலாறு எழுதுபவரின் கடமை நடந்ததைப் பதிவு செய்வது. ஷேக் என்ற பெயரை மாற்றாமலும் ஸ்ரீரங்கத்தை விட்டு நீங்காமலும் ஒரு மனிதர் வாழ்ந்தார். யாருடைய வசதிக்காகவும் அதில் ஒரு பாதியை அழித்து எழுத எங்களுக்கு உரிமை இல்லை.

அவரோடு அந்த மரபு அற்றுப்போகவும் இல்லை. பேரப்பிள்ளைகள் காசிமும் பாபுவும் நாதஸ்வரத்தைத் தொடர்ந்தார்கள். ஆந்திராவிலிருந்து வந்து அவரிடம் பயின்று ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்ட ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி தம்பதியருக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெண்கள் அதிகம் கையிலெடுக்காத ஒரு வாத்தியத்தில் ஒரு முஸ்லிம் பெண் அந்த நிலையை எட்டினார் என்பதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

இந்தத் தேடலை எங்கட வாசல்படியிலிருந்தும் தொடங்கலாம். றபான் அடித்துப் பாடும் பக்கீர் பாவாக்கள், பொல்லடி பழக்கிய அண்ணாவிமார் எல்லாரும் எங்கட ஊர்களிலும் வாழ்ந்தவர்கள்தான். அவர்கள் யாரிடம் படித்தார்கள், யாருக்குப் படிப்பித்தார்கள் என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.