ரணஜன்னி ஊசியும் முதியோர் காப்பீடும்

புனே நகரின் வடமேற்கில், மூலா ஆற்றை அடுத்து, பெங்களூர்ப் பெருவழியின் ஓரத்தில் அமைந்திருக்கிறது வாகட். வயல் சூழ்ந்த கிராமமாயிருந்த அவ்வூர், இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்டு, மாடிக் குடியிருப்புகள் நிறைந்து விளங்குகிறது. அருகிலுள்ள ஹிஞ்சவாடியில் கணினித் தொழில் புரியும் தமிழர் பலர் அங்கே குடியேறியுள்ளனர். பிள்ளைகளுடன் முதுமையைக் கழிக்க ஊரிலிருந்து வந்து சேர்ந்த பெற்றோரும் அவர்களுள் உண்டு. அம்முதியோரை மனத்திற்கொண்டு, புனேவுக்கும் பங்குள்ள ஒரு சிறு மருந்தின் வரலாற்றை நாம் நோக்குவோம்.

ரணஜன்னி என்று தமிழில் வழங்கும் டெட்டனஸ் நோயின் கிருமி மண்ணிலும், குதிரை, மாடு முதலியவற்றின் சாணத்திலும் வாழ்வது. முள் குத்திய புண் வழியாகவோ, துருப்பிடித்த ஆணி கீறிய காயம் வழியாகவோ உடலுள் புகுந்து, அது சுரக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்குகிறது. தாடை இறுகுகிறது, உடல் வில்லாய் வளைகிறது. இந்நோய் மண்ணிலிருந்து வருவது என்பதை 1884ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நிக்கோலையர் ஆராய்ந்து காட்டினார். 1889இல் ஜப்பானியரான கிடசாட்டோ அக்கிருமியைத் தனித்துப் பிரித்து வளர்த்தார். மறு ஆண்டில் அவரும் பேரிங்கும் சேர்ந்து, நோய்க்கு ஆட்படுத்திய விலங்கின் இரத்த நீர் அந்நஞ்சை முறிக்கும் என்று நிறுவினர். அன்று முதல் குதிரையின் இரத்தத்திலிருந்து எதிர்நஞ்சு மருந்து எடுக்கும் தொழில் உலகெங்கும் பரவியது.

அத்தொழில் நம் நாட்டில் வேரூன்றிய வகை சுவையானது. பம்பாயின் ஹாஃப்கின் நிலையத்திற்கு, புனேயில் குதிரைப் பண்ணை வைத்திருந்த பூனாவாலா குடும்பத்தார் வயது முதிர்ந்த பந்தயக் குதிரைகளை அளித்து வந்தனர். அம்மருந்தை நாமே செய்தால் என்ன என்று அக்குடும்பத்து இளைஞர் சைரஸ் பூனாவாலா எண்ணியதன் பயனாக, 1966இல் ஹடப்சரில் சீரம் நிலையம் தோன்றியது. அது முதலில் செய்த மருந்துகளுள் ஒன்று ரணஜன்னிக்கான எதிர்நஞ்சே. பின்னாளில் உலகிலேயே மிகுதியான தடுப்பூசிகளை ஆக்கும் நிலையமாக அது வளர்ந்தது.

எதிர்நஞ்சு காயம்பட்டவருக்குச் சில வாரக் காப்பே தரும். நஞ்சின் கொடுமையை அகற்றி, அதன் உருவை மட்டும் உடலுக்குக் காட்டிப் பழக்கும் தடுப்பூசியோ பல்லாண்டுக் காப்பளிக்கிறது. 1920களில் பிரான்சில் உருவான அம்முறை, இரண்டாம் உலகப் போரில் தன் ஆற்றலை மெய்ப்பித்தது. காயத்தால் மருத்துவமனை சேர்ந்த அமெரிக்கப் படைவீரர் ஏறத்தாழ 27 லட்சம் பேருள் இந்நோய் கண்டவர் 12 பேர் மட்டுமே.

இந்தியாவில் 1978இல் விரிவான தடுப்பூசித் திட்டமும், 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் தொடங்கின. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவற்றின் பயனைப் பெற்றனர். பிரசவத்தின்போது தாயையும் சேயையும் கொண்டுபோன ரணஜன்னி 2015இல் ஒழிக்கப்பட்டதாக உறுதி செய்யப்பெற்றது. இது பெரும் வெற்றி. ஆனால், இன்று எழுபது வயதைக் கடந்தவர் 1978இல் இருபதைத் தாண்டிவிட்டவர். குழந்தைப் பருவ ஊசி அவருக்குக் கிட்டியிராது. கர்ப்பகால ஊசியோ ஆடவருக்கு இல்லை. மேலும், இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோயன்று. ஆதலால் பேரனுக்குப் போட்ட ஊசி தாத்தாவைக் காவாது. ஒருமுறை நோய் கண்டு பிழைத்தவருக்கும் மீண்டும் வராது என்பதற்கில்லை. அவரவர் காப்பை அவரவரே பெற்றாக வேண்டும்.

காப்பீட்டின் கதை வேறு வழியில் வந்தது. 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் எழுந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம், நோயுற்ற தொழிலாளியின் இழப்பை ஈடுசெய்யப் பிறந்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1952இல் தொழிலாளர் அரசுக் காப்பீடும், 1954இல் மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. இவ்விரண்டும் மருந்தகம் வைத்து நடப்பதால், வெளிநோயாளருக்கும் இடமளிக்கின்றன. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் அத்தகையதன்று. மருத்துவமனையில் சேர்ந்தோரின் செலவை ஏற்பதே அதன் நோக்கம். 2024 அக்டோபரில் அது எழுபது நிரம்பிய அனைவருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை விரிவாக்கப்பட்டது. பிற மாநிலத்தில் வாழ்வோருக்கும் அது பயன்படும். ஆயினும், தடுப்பூசி அதனுள் அடங்கவில்லை. ரணஜன்னி கண்டு வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதற்குப் பணம் உண்டு. அதைத் தவிர்க்கும் சொற்ப விலை ஊசிக்கு இல்லை.

இம்முரண் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர், காயம்பட்டபின் போடும் ரணஜன்னி ஊசியை மருத்துவப் பகுதியிலும், முன்கூட்டிப் போடுவதை மருந்துப் பகுதியிலும் வைத்தது. பின்னதற்கு முதியவரும் ஒரு பங்கு செலுத்த நேர்ந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2023 ஜனவரி முதல் அந்தப் பங்கு நீங்கியது. சட்டத்தின் ஒரு திருத்தம் போதுமாயிருந்தது என்பது நாம் கருதத்தக்கது.

அத்தகைய திருத்தம் இங்கே வரும்வரை குடும்பத்தார் கடமை ஒன்றுண்டு. வீட்டுப் பெரியவர் கடைசியாக எப்போது ஊசி போட்டுக்கொண்டார் என்று கேட்டுக் குறித்து வைக்கலாம். விடை தெரியாவிடில், அண்மையிலுள்ள மாநகராட்சி மருத்துவ நிலையத்திலோ குடும்ப மருத்துவரிடமோ வினவலாம். ஒருபோதும் போடாதவருக்கு, ஒரு மாத இடைவெளியில் இரண்டும், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மூன்றாவதும் என மூன்று தவணை போடுவது மருத்துவ வழக்கம். மாடித் தோட்டத்துத் தொட்டியில் கறிவேப்பிலை நடும் முதியவரின் கையிலும் மண் படிகிறது. மண் உள்ள இடத்தில் இக்கிருமியும் இருத்தல் கூடும். குதிரைகளின் குருதியிலிருந்து இந்நோய்க்கு மருந்து வடித்த நகரில் வாழும் நாம், நம் பெற்றோரை அதன் பயன் எட்டாமல் விடலாகாது.