ஜம்போவும் எங்க வீட்டுத் தூணும்

மொதல்லயே சொல்லிடறேன், இது கொசுவத்திப் பதிவு. கொஞ்சம் பெருசாவே சுத்தியிருக்கேன். நடுவுல சரித்திரமும் வரும். பொறுமை இருக்கறவங்க உள்ள வாங்க.

பெங்களூர்ல நான் பொட்டி தட்டுற மேசையில ரெண்டு சாமான் இருக்கு. ஒண்ணு சாவிக்கொத்து. ஒரு போயிங் 747 விமானத்தோட மேல்தகட்டை வெட்டி, சின்னச் சின்னச் சில்லா ஆக்கி, எந்த விமானம்னு அதுலயே பொறிச்சு விக்கறாங்க. ஜெர்மனியில ஏவியேஷன்டேக், அமெரிக்காவுல மோட்டோஆர்ட்னு இதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு. இன்னொண்ணு ஒரு தேக்குக் கட்டை. தூணுக்கு மேல போதிகையில வாழைப்பூ மாதிரி தொங்குமே, அதோட நுனி. காரைக்குடிப் பக்கத்துல எங்க பாகவீட்டைப் பிரிச்சப்ப கீழ விழுந்து உடைஞ்சது. லாரியில ஏத்தாம விட்டுட்டுப் போனாங்க, நான் எடுத்து வச்சுக்கிட்டேன்.

சாவிக்கொத்துல பதிவு எண் இருக்கு. கட்டையில ஒண்ணும் இல்ல. இந்தப் பதிவே அதைப் பத்தித்தான்.

ஜம்போ பைத்தியம் எனக்கு சின்ன வயசுலயே பிடிச்சது. சிங்கப்பூர்லேர்ந்து வந்த மாமாவைக் கூப்பிட மீனம்பாக்கம் போனப்ப, திமில் வச்ச காளை மாதிரி ஒண்ணு தரையில ஊர்ந்து போச்சு. அன்னிக்கு விழுந்தவன்தான். அந்தத் திமில் அழகுக்கு வச்சதில்லன்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 1960கள்ல, இனிமே ஆளுங்க ஒலியை மிஞ்சுற வேகத்துல போற விமானத்துலதான் போவாங்க, ஜம்போ சரக்கு ஏத்தத்தான் உதவும்னு ஒரு கணக்கு இருந்துச்சு. மூக்கைத் திறந்து நேரா சரக்கு ஏத்தணும்னா விமானி அறை வழியில இருக்கக் கூடாது. தூக்கி மாடியில வச்சுட்டாங்க. ஜோ சட்டர் தலைமையில வடிவமைச்சது. 1969 பிப்ரவரி 9 அன்னிக்கு முதல் தடவை பறந்துச்சு. 1970 ஜனவரியில பான் ஆம் கம்பெனி நியூயார்க்-லண்டன் சேவைக்கு விட்டுச்சு. ஒலியை மிஞ்சின கான்கார்டு 2003லயே ஓய்வுக்குப் போயிடுச்சு. சரக்கு வண்டியாகும்னு நெனச்ச ஜம்போவோ 2023 ஜனவரி வரைக்கும், மொத்தம் 1574 விமானம், தயாராச்சு. மென்பொருள் பிராஜக்ட்ல மட்டும்தான் எஸ்டிமேட் தப்பாகும்னு நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க, ஹி ஹி.

நம்ம ஏர் இந்தியாவுக்கு முதல் ஜம்போ வந்தது 1971 ஏப்ரல்ல. பேரு 'எம்பரர் அசோகா'. ஆகாயத்துல உங்கள் அரண்மனைன்னு விளம்பரம். சும்மா வாய்ச்சொல் இல்ல, ஒவ்வொரு ஜன்னலைச் சுத்தியும் ராஜஸ்தான் மாளிகை ஜன்னல் மாதிரி சிவப்பு வளைவு வரைஞ்சு விட்டாங்க. அதுக்கப்புறம் வந்த ஜம்போக்களுக்கும் ராஜாக்க பேருதான். நம்ம பக்கத்துக்கு ராஜேந்திர சோழன், மகேந்திர வர்மன். கடல் தாண்டிக் கடாரம் போனவன் பேரை, கடல் தாண்டற விமானத்துக்கு வச்சவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. 1993லேர்ந்து வந்த 747-400 விமானங்களுக்கு ஊர்ப் பேரு, தலப் பேரு. கோனார்க், தஞ்சாவூர், கஜுராஹோ, அஜந்தா, ஆக்ரான்னு.

எல்லாமே பெருமையான கதை இல்ல. அசோகா 1978 ஜனவரி 1 ராத்திரி பம்பாய்லேர்ந்து கிளம்பின கொஞ்ச நேரத்துல கடல்ல விழுந்து 213 பேர் போயிட்டாங்க. 1985 ஜூன் 23 அன்னிக்கு அயர்லாந்துக்குப் பக்கத்துல 'கனிஷ்கா' குண்டுவெடிப்புல சிதறி 329 பேர். அந்தப் பாகங்களைத் தேடி எடுத்தது அலமாரியில வைக்க இல்ல, என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க. ஒரு உடைஞ்ச துண்டு கூட சாட்சி சொல்லும், ஆனா அது எதோட துண்டுன்னு தெரிஞ்சிருக்கணும்.

இப்ப பிரிக்கிற கதைக்கு வருவோம். ஜம்போவுக்கு நாலு எஞ்சின். ரெண்டே எஞ்சின்ல அதே தூரம் போற விமானங்க வந்ததும் கணக்கு இடிக்க ஆரம்பிச்சுது. 2020ல கொரோனா வந்து கதையை முடிச்சுது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்த ஜூலையில 31 ஜம்போவையும் ஓய்வுக்கு அனுப்பிச்சு. அதே மாசம் குவாண்டாஸோட கடைசி ஜம்போ, சிட்னியிலேர்ந்து கிளம்பி வானத்துல கங்காரு படம் வரைஞ்சுட்டுப் போச்சு. நம்ம ஆக்ரா, 2024 ஏப்ரல் 22 அன்னிக்கு மும்பையிலேர்ந்து கிளம்பி, ரெண்டு றெக்கையையும் ஒரு தடவை அசைச்சுக் காட்டிட்டு அமெரிக்காவுக்குப் போயிடுச்சு. பிரிக்கிறதுக்கு. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன்னு கேக்காதீங்க.

பிரிக்கறதுலயும் ஒரு முறை இருக்கு. மொதல்ல எஞ்சினைக் கழட்டுவாங்க, அதுதான் காசு. அப்புறம் வால்ல இருக்கற துணை எஞ்சின், சக்கரத் தொகுதி, விமானி அறையில இருக்கற கருவிங்க. மிச்சம் இருக்கற அலுமினியக் கூட்டை வெட்டி உருக்கிடுவாங்க. நம்மள மாதிரி கிறுக்கனுங்களுக்கு ஜன்னல் சட்டம், சாப்பாட்டு வண்டி, இருக்கை, தகடு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஆயுள் கணக்கு வச்ச பாகம் ஒவ்வொண்ணுக்கும் ஜாதகம் உண்டு. எஞ்சின்ல சுத்துற ஒரு தட்டு எந்த ஆலையில பிறந்துச்சு, எந்தெந்த விமானத்துல இருந்துச்சு, எத்தனை தடவை மேல ஏறி இறங்குச்சுன்னு முதல் நாள்லேர்ந்து காகிதம் இருக்கணும். காகிதம் தொலைஞ்சா பாகம் பளபளன்னு இருந்தாலும் பறக்க விட மாட்டாங்க. வெறும் இரும்புக் கடைச் சரக்குதான்.

இனி காரைக்குடி.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அதுவும் ஒரு ஜம்போதான். ஜம்போ நீளம் சுமார் 231 அடி. எங்க பக்கத்துல வாசல் ஒரு தெருவுலயும் கொல்லைக்கதவு அடுத்த தெருவுலயும் இருக்கற வீடுங்க அதுக்கு சளைச்சதில்ல. முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோர்த்து வச்ச மாதிரி போகும். முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குப் பின்னாடி அடுப்படியில என்ன வேகுதுன்னு தெரியாது, அதுவும் விமானம் மாதிரியே. பர்மாத் தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல்லு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின சுவரு, தொட்டா இன்னிக்கும் குளுகுளுன்னு இருக்கும்.

அந்தக் காசு பெரும்பாலும் பர்மாவுலயும் மலேயாவுலயும் இலங்கையிலயும் வட்டித் தொழில்ல வந்தது. 1930கள்ல நெல் விலை விழுந்து கடன் வசூலாகாம, பணத்துக்குப் பதிலா நிலமா வந்து சேர்ந்துச்சு. 1942ல ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சான். சுதந்திர பர்மா நிலத்தை தேசியமயமாக்குச்சு. 1960கள்ல நெ வின் ஆட்சியில மிச்சம் இருந்தவங்களும் திரும்பி வந்தாங்க. காசு வந்த வழி அடைஞ்சு போச்சு, காசைத் தின்னுற வீடு மட்டும் நின்னுச்சு. ஒரே வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையா பங்காளிக பெருகிக்கிட்டே போனாங்க. யார் ஓடு மாத்துறது? யார் சுண்ணாம்பு அடிக்கிறது?

அப்படிப் பிரிஞ்ச வீடுகளோட சாமானெல்லாம் வந்து சேர்ற இடம்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல இருக்கற பழம்பொருள் கடைங்க. தூணு, நிலை, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, கொட்டான், ரவிவர்மா படம். ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு இருந்தது இன்னிக்கு பெங்களூர் ரெஸ்டாரண்டுல அலங்காரம். தூணு போறது கூட பரவாயில்லங்க. கண்ணாடிச் சட்டம் போட்ட குடும்பப் படங்க, விபூதி பூசி, காதுல கடுக்கன் போட்டு, நேரா நம்மளப் பாக்கற ஐயாக்களும் ஆச்சிகளும் விலைக்கு இருக்காங்க. பேரு கிடையாது.

எங்க வீட்டுக்குப் பங்காளிக இருபத்திரண்டு பேர். விக்கலாம்னு பேச்சு வந்தப்ப கையெழுத்துப் போடாம இருந்தவர் எங்கப்பா ஒருத்தர்தான். 2019. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. வீட்டுல ஒரே எஞ்சினியர், அதனால பெரியப்பா என்கிட்ட வந்தார். "தம்பி, நீ சொன்னா ஒங்கப்பா கேப்பாரு" ன்னார். நான் ஒரு எக்செல் போட்டேன். ஓடு மாத்த எவ்வளவு, வருஷ மராமத்து எவ்வளவு, ஒரு பங்குக்கு எவ்வளவு, வித்தா எவ்வளவு. எந்த ஓட்டையும் இல்லாத கணக்கு. நாலு எஞ்சினா ரெண்டு எஞ்சினான்னு விமானக் கம்பெனிக்காரன் போட்ட அதே கணக்குதான். பெரிய மராமத்து வர்ற நேரத்துலதான் பழைய விமானத்தையும் ஒதுக்குவாங்க. அப்பா ஷீட்டை முழுசாப் பார்த்துட்டு, "சரியாத்தான் போட்டிருக்கே" ன்னு மட்டும் சொல்லிட்டு பேனாவைக் கேட்டார்.

பதினோரு நாள்ல பிரிச்சு முடிச்சுட்டாங்க. எந்தத் தூண் எங்க போச்சுன்னு ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது. ஜம்போவோட பதிவு எண்ணை மனப்பாடமா ஒப்பிக்கிற நான், எங்க வீட்டுத் தூணை ஒரு போட்டோ கூட ஒழுங்கா எடுக்கல.

போன பொங்கலுக்கு அப்பாவோட அந்தக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு கடையில நாலு தூணு படுக்கப் போட்டிருந்தாங்க. "எந்த ஊரு வீட்டுத் தூணுங்க?" ன்னு கேட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷர், சிரிச்சுக்கிட்டே, "அதெல்லாம் யாரு தம்பி கேக்கறா? உயரம், சுத்தளவு தான் கேப்பாங்க" ன்னார். அப்பா குனிஞ்சு ஒரு தூணோட அடிப்பக்கத்தைக் கையால தடவிக்கிட்டே போனார். என்னப்பா தேடுறீங்கன்னேன். "வளவுல வடக்கால ரெண்டாவது தூணுல, ஐயா எங்க அஞ்சு பேரு உயரத்தையும் கத்தியால கோடு போட்டு வச்சிருந்தாரு" ன்னார். அதுல கோடு இல்ல. அடுத்த தூணுக்குப் போனார். அதுலயும் இல்ல.

அன்னிக்கு ராத்திரி அந்தப் பழைய எக்செல்லைத் திறந்தேன். அழிக்க மனசு வரல. பக்கத்துல புதுசா ஒரு ஷீட் போட்டேன். அப்பா சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா ஏத்தினேன். முகப்புத் தூண் நாலு, எந்தப் பக்கம் வெடிப்பு இருந்துச்சு. நிலைக்கதவுல கஜலட்சுமி, எந்த ஆனைக்குத் தும்பிக்கை உடைஞ்சிருந்துச்சு. அப்பத்தா ஊறுகாய் ஜாடி, எது யார் பங்குக்குப் போச்சு. மொத்தம் 64 வரி வந்துச்சு. 'இப்ப எங்க இருக்கு' ங்கற கட்டத்துல 59 வரி காலி. ஒரு வரியில 'பெங்களூர், என் மேசை'.

இடிக்கவே கூடாதுன்னு சொல்ல எனக்கு யோக்யதை இல்ல. ஈசிஆர் ரோட்டுல தட்சிணசித்ராவுல ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரிச்சுக் கொண்டு வந்து நிக்க வச்சிருக்காங்க. 2014ல செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல ஏறுச்சு. எல்லா வீட்டுக்கும் அந்தக் கொடுப்பினை வராது. பிரிச்சுத்தான் ஆகணும்னா, பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஜாதகம் எழுதுங்க. தூணுக்கு அடியில வீட்டுப் பேரை எழுதுங்க. ஐயா படத்துக்குப் பின்னாடி அவர் பேரை எழுதுங்க. ஒரு நாள் வேலைதான்.

டிஸ்கி: பர்மாத் தேக்குத் தூணு, அடியிலேர்ந்து ரெண்டரை அடிக்கு மேல கத்தியால போட்ட அஞ்சு கோடு. எந்த ரெஸ்டாரண்டுலயாவது, ரிசார்ட்டுலயாவது கண்ணுல பட்டா ஒரு வரி சொல்லுங்க மக்கா. விலைக்குக் கேக்க மாட்டேன். அப்பாவைக் கூட்டிட்டு வந்து ஒரு தடவை காட்டிட்டுப் போயிடறேன்.