கங்காணி, துரை, கொழுந்துக்காரி: மலையக இலக்கியத்தின் மாந்தர்கள்

இலங்கையின் மலைத்தோட்டப் பகுதியான மலையகத்தில் பிறந்த தமிழ் இலக்கியத்தின் முதல் பாத்திரங்களைப் படைத்தவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். 1820களின் பிற்பகுதியிலிருந்து திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலை ஏறினார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. கண்டிச்சீமை என்று அவர்கள் சொன்ன நாட்டைப் பற்றிய பழைய பாடல்களில் நடைபாதையும், பசியும், ஊரில் விட்டுவந்த தாயும் முந்தி வருகிறார்கள். மலையின் அழகு அவற்றில் அபூர்வம். கோப்பிப் பழம் பருவத்துக்குப் பருவம் பறிப்பது. பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்ற நினைப்பு இருந்ததால், அந்தப் பாடல்களின் மாந்தர் வழிப்போக்கர்களாகவே இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தின் முன்னால் நடந்தவர் கங்காணி. மலையக இலக்கியத்தில் மிகப் பழையதும் மிகச் சிக்கலானதுமான பாத்திரம் அவருடையதுதான். ஊரில் ஆள் பிடித்தவரும், வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும், தோட்டத்தில் வேலை வாங்கியவரும், சம்பளத்தில் கடனைப் பிடித்தவரும் அவரே. பல சமயம் சொந்தச் சாதிக்காரர், மாமன் முறையோ பெரியப்பா முறையோ ஆனவர். தன் கீழ் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்திலிருந்து அவருக்குக் காசு உண்டு. ஆட்கள் மீதுள்ள கடன் தொகையைக் காட்டும் ‘துண்டு’ அவர் கையில் இருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் கூட்டம் அங்கே மாற முடியும். 1921இல் இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சி.வி. வேலுப்பிள்ளை திரட்டி, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற பெயரில் 1983இல் வெளிவந்த வாய்மொழிப் பாடல்களைப் படிப்பவருக்கு ஒன்று தெளிவாகும்: பாடியவர்கள் கங்காணியைச் சபிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், அதே மூச்சில் உறவு சொல்லி அழைத்து முறையிடவும் செய்கிறார்கள். பின்னால் வந்த நாவல்கள் பலவற்றில் அவர் மீசையும் கோட்டும் தலைப்பாகையுமாக வெறும் கொடியவராகச் சுருங்கிப்போனார். பாடல்களின் கங்காணிதான் உண்மைக்கு அருகில் நிற்பவர்; உறவையே பிடியாக வைத்து நடந்த சுரண்டலை அந்தப் பாடல்கள் போல எந்த நாவலும் அவ்வளவு கூர்மையாகப் பிடிக்கவில்லை.

அச்சில் வந்த முதல் குரல் எதிர்த் திசையிலிருந்து வந்தது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை வெளியிட்டார். கோப்பிச் செய்கையின் மேன்மையைப் பாடும் நூல் அது; தோட்ட நிர்வாகத்தின் கண்ணால் வேலையையும் வேலையாட்களையும் பார்ப்பது. அதே ஆண்டில்தான் இலைகளில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழில் அழிந்தது.

லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பயிர் மாறியதும் இலக்கியத்தின் மாந்தரும் மாறினார்கள். தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும்; வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பிப் போய்க் கிள்ள வேண்டும். பருவத்துக்கு வந்து போகும் ஆண்கள் இதற்குப் போதாது. பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பமே நிரந்தரமாகத் தங்க வேண்டியதாயிற்று. லயங்கள் என்ற குடியிருப்புகள் வரிசையாக எழுந்தன. விடியற்காலையில் எழுப்பும் தப்பு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம், கொழுந்து கிள்ளும் நிரை, கொழுந்தை நிறுக்கும் மடுவத்துத் தராசு, குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா என்று ஒரு புதிய உலகம் உருவாயிற்று. இதன்பின் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தெம்மாங்கிலும் மையமாக வருபவள் கொழுந்துக்காரி: முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, மழைக்குத் தலையில் கொங்காணி, நெஞ்சில் பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த குழந்தையின் நினைவு.

பழைய காவியங்களும் இந்த மக்களோடு மலையேறின. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து ஆகிய மூன்றும் தோட்டங்களில் வேரூன்றிய கூத்துகள். மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றிப் பௌர்ணமியை ஒட்டி மதனை எரிக்கும் காமன் கூத்து, ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களின் ஆண்டுத் திருவிழா. தவத்தைக் கலைக்கப் போகாதே என்று மன்றாடும் ரதியும், பெரியவர்களின் ஏவலுக்குக் கட்டுப்பட்டுப் போய் எரிந்துபோகும் மதனும் அதன் உயிர்நாடி. மேலிருந்து வந்த கட்டளையால் கணவனை இழக்கும் பெண்ணின் புலம்பலை, காட்டு வழியிலும் மலையிலும் தம்மவரைப் பறிகொடுத்த கூட்டம் ஏன் இவ்வளவு நெருக்கமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பிற்கால மலையகச் சிறுகதைகளின் பெண் பாத்திரங்களுக்குப் பின்னால் ரதியின் சாயலைத் தேடுவது வீண் வேலை ஆகாது.

எழுத்தில் தொழிலாளியை மையத்துக்குக் கொண்டுவந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த இவர், வெளியார் நுழையத் தடை இருந்த தோட்டங்களுக்குள் துணி வியாபாரி போலப் போய் நிலைமையைக் கண்டறிந்தவர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தினார்; 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்; பின்னர் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்தார். இராமசாமி சேர்வை என்ற பாத்திரத்தை வைத்து அவர் எழுதிய கதை மலையகச் சிறுகதையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை, தொழிலாளர் துயரைப் பழகிய மெட்டுகளில் கட்டிக் கூட்டங்களில் பாடினார். 1940 வாக்கில் அவை சிறு நூல்களாயின. கலைநயம் பார்த்தால் இவ்விருவர் எழுத்தும் எளியது. ஆனால் அங்கே தொழிலாளி கேள்வி கேட்கிறான், சட்டம் பேசுகிறான். பரிதாபத்துக்குரிய உருவமாக மட்டும் நிற்கவில்லை.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பார்வை வேறு. புதுமைப்பித்தன் 1935இல் ‘மணிக்கொடி’யில் எழுதிய ‘துன்பக்கேணி’, திருநெல்வேலிச் சீமையின் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறது. நேரில் காணாத தோட்டத்தைக் கற்பனையால் கட்டியதால் இடவிவரங்கள் பல பொருந்துவதில்லை. என்றாலும் ஊரின் பண்ணையாரிடமிருந்து தப்பி வந்தவள் தோட்டத்து அதிகாரத்திடம் சிக்குவதைக் காட்டி, சாதியும் காலனியும் ஒரே பொறியின் இரு தாடைகள் என்று உணர்த்திய முதல் பெரிய கதை அதுதான். மருதி துன்பப்படுபவள், அவளைச் சூழ்ந்த தீமை எங்கும் நிறைந்தது. வெளியிலிருந்து எழுதியவர்களின் பாத்திரங்கள் நெடுநாள் இந்த அச்சிலேயே வந்தன. 1964இல் வந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ இதிலிருந்து ஒரு படி நகர்ந்தது. அதன் வள்ளி சிறுமியாகக் கடல் கடந்து வந்து, வளர்ந்து, தாயாகி, தோட்டத்திலேயே தன் ஆயுளைக் கழிப்பவள். ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் பின்தொடர்ந்ததால், இழப்புகளுக்கு நடுவே அவள் கட்டிக்காக்கும் வாழ்க்கையும் வாசகருக்குத் தெரிகிறது.

தோட்டத்திலேயே பிறந்த முதல் பெரிய எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984). வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக வரைந்த அவருடைய ஆங்கிலச் சித்திரங்கள் மு. சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் ‘தேயிலை தேசம்’ ஆயின. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, வாக்குரிமையும் பறிபோனது. சி.வி.யின் ‘வீடற்றவன்’ நாவலில் தொழிற்சங்கக் கிளை அமைக்க முயலும் தொழிலாளி தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படுகிறான். வேலை போனால் லயத்து அறையான காம்பராவும் போகும், காம்பரா போனால் தலைசாய்க்க நாட்டில் ஓரிடமும் இல்லை. குடியுரிமை பற்றிய அரசியல் விவாதத்தை ஒரு மனிதனின் இரவுத் தங்கலாக மாற்றிக் காட்டிய கதை இது.

1960களில் எழுத்தாளர் கூட்டம் ஒன்றே திரண்டது. ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்த இர. சிவலிங்கம் போன்றோர் படித்த இளைஞர்களிடையே மலையகம் என்ற அடையாளத்தை வளர்த்தார்கள். எஸ்.எம். கார்மேகத்தின் முயற்சியால் ‘வீரகேசரி’ நாளிதழ் மலைநாட்டுச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. பரிசுக் கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ தொகுப்பாயின. பாத்திரப் படைப்பில் மலையகம் தன் உச்சத்தைத் தொட்டது இந்தத் தலைமுறையில்தான். அதைக் காட்ட இரண்டு கதைகள் போதும்.

ஒன்று, என்.எஸ்.எம். இராமையா 1961இல் எழுதிய ‘ஒரு கூடைக் கொழுந்து’. மலையில் எந்த நிரை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே ஒருத்தியின் அன்றைய வரும்படி அமையும். வளமான நிரை யாருக்கு, ஓர நிரை யாருக்கு என்பது கங்காணியின் கையில். மடுவத்தில் நிறுத்து இறாத்தலைப் பேரேட்டில் எழுதுவது கணக்கப்பிள்ளையின் கையில். இந்த இரண்டு ஆண்களுக்கும் நடுவில் லட்சுமி வழக்கத்துக்கு மிஞ்சிய கொழுந்தை எடுத்துவிடுகிறாள். கணக்கில் யாரோ கூட்டிப் போட்டிருக்கிறார் என்று பேச்சு எழுகிறது. அவளுடைய ஒழுக்கமும் அதோடு சேர்த்துச் சந்தேகிக்கப்படுகிறது. லட்சுமி அழுது முறையிடவில்லை. தன் கைவேகத்தையே சாட்சியாக நிறுத்துகிறாள். கொழுந்து கிள்ளுவது திறமை, அதில் ஒரு பெண்ணுக்குப் பெருமை உண்டு என்பதைத் தமிழில் முதன்முதலாக இவ்வளவு உறுதியாகச் சொன்ன கதை இது. தோட்ட நிர்வாகியான துரை வராமலே, சாட்டை ஓங்காமலே தோட்டத்தின் அதிகார அடுக்கு முழுவதும் இதில் தெரிந்துவிடுகிறது.

மற்றொன்று, தெளிவத்தை ஜோசப்பின் (1934–2022) ‘மீன்கள்’. பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர் அவர். கதையில், ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் படுக்கிறார்கள். இருட்டில் மனைவி என்று நினைத்துக் கை நீட்டும் தகப்பன், தொட்டது மகளை என்று உணர்ந்து கூனிக் குறுகிப்போகிறான். அந்த அவமானத்தை ஜோசப் அவன்மேல் சுமத்தவில்லை; இன்னொரு காம்பரா தர மனமில்லாத தோட்டத்தின்மேல் சுமத்துகிறார். மலையக இலக்கியத்தின் ஆதாரப் பொருள் மலையும் தேயிலையும் என்று பலரும் எழுதுவார்கள். அது உண்மையில் இந்தக் காம்பராதான். கொடிய பாத்திரம் ஒருவர்கூட இல்லாமல் கொடுமையைக் காட்ட முடிந்தது, இந்த அறையை உள்ளிருந்து அறிந்தவர் எழுதியதால்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலையகத்தை எழுதியவர்களும் உண்டு. மருத்துவரான நந்தியின் ‘மலைக்கொழுந்து’ 1964இலும், யோ. பெனடிக்ற் பாலனின் ‘சொந்தக்காரன்’ 1968இலும் வந்தன. தோட்ட மருத்துவராக இருந்த தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ (1979), தோட்டக் காணிகள் அரசால் பறிக்கப்பட்டபோது தொழிலாளர்மீது நடந்த வன்முறையைப் பேசுகிறது. அந்தக் காலத்தில்தான், 1977 மே மாதம், தலவாக்கலைப் பகுதி டெவன் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்த சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அக்கறையில் இந்நாவல்கள் குறைந்தவை அல்ல. ஆனால் வழிகாட்டும் படித்த பாத்திரம் ஒன்று வெளியிலிருந்து தேவைப்படுவது இவ்வகை எழுத்தில் அடிக்கடி காணும் பலவீனம்.

1964 அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களான ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேர் பின்னால் பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மீதியும் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டது. அண்ணன் இந்தியப் பிரஜை, தங்கை இலங்கைப் பிரஜை என்று குடும்பங்கள் பிளந்தன. கப்பலேறும் உறவினரை வழியனுப்பும் ரயில் நிலையம் எழுபதுகளின் கதைகளுக்கு வழக்கமான களமானது. தோட்டங்கள் அரசுடைமையானதும் 1973–74 பஞ்சமும் அதே பத்தாண்டில் வந்தன. வெள்ளைத் துரை போய் உள்நாட்டுத் துரை வந்தபின்னும் பெரட்டுக்களம் மாறவில்லை. துரை என்ற பாத்திரம் மட்டும் இன்றுவரை தமிழ் எழுத்தில் முழுமை பெறவில்லை. குதிரையிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து போகும் தூரத்து உருவம் அவர். கோப்பிக் காலத் துரைமாரின் உள்வாழ்வை அறிய, கிறிஸ்டின் வில்சனின் ஆங்கில நாவலை இரா. சடகோபன் மொழிபெயர்த்த ‘கசந்த கோப்பி’யைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

தொழிலாளியே கவிஞனான நிகழ்வும் இந்த வரலாற்றில் உண்டு. லபுக்கலைத் தோட்டத்தில் உழைத்த குறிஞ்சித்தென்னவனும், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்ந்த மல்லிகை சி. குமாரும் லயத்திலிருந்தே எழுதினார்கள். இவர்களையும் முன்னோரையும் ஆவணப்படுத்திய பணி சாரல்நாடனுடையது. நடேசய்யரைப் பற்றியும் சி.வி.யைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் இல்லையென்றால் இந்த வரலாற்றின் முற்பகுதி பெரும்பாலும் தொலைந்திருக்கும். சிறுகதைக்கு அந்த வேலையைத் தெளிவத்தை ஜோசப் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ மூலம் செய்தார்.

இப்போதைய கதைகளில் கொழுந்துக் கூடை ஓரத்துக்கு நகர்கிறது. கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞனும், வீட்டு வேலைக்கு வளைகுடா போகும் தாயும், பாட்டியிடம் வளரும் பிள்ளையும் முன்னுக்கு வருகிறார்கள். பிரமிளா பிரதீபனின் ‘கட்டுபொல்’ தேயிலையையே விட்டு விலகி, தெற்கின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கூலிக்கு உழைக்கும் தமிழரைப் பாத்திரங்களாக்குகிறது.